இனம் இனத்தோடு சேரும்



இவ்வாரம் நமது கணக்குப் பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று என் உள்ளத்தைப் பெரிதும் தொட்டது. வடமராட்சியிலே சிறியதொரு பலசரக்குக் கடை நடத்தும் தாயார் ஒருவர் அதனை எழுதியிருக்கின்றார். தமது பெயரை வெளியிட வேண்டாம் என்பது அவர் வேண்டுகோள். ஆதலின் பெயரை விடுத்துக் கடிதத்தின் முக்கிய பகுதியை மட்டும் ஈண்டுத் தருகின்றேன்.

“ஐயா, என் மகள் ஒன்பதாந் தரத்திலே படிக்கின்றாள். மற்றப் பாடங்களிலே கெட்டிக்காரி. இந்தத் தவணைப் பரீட்சையில் அட்சரகணிதப் பகுதியில் அவளுக்கு ஒரு புள்ளியேனும் கிடைக்கவில்லை. கொப்பி முழுவதும் சிவப்பு மை. ‘இலக்கத்தைக் கூட்டலாம், எழுத்தை எப்படி அம்மா கூட்டுவது?’ என்று கேட்கின்றாள். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடைக் கணக்கை மனத்திலே போட்டுவிடுவேன். இந்தக் கணக்கின் முன்னே ஊமையாகிவிடுகின்றேன். ‘எனக்குக் கணக்கு வராது’ என்று அவள் சொல்லத் தொடங்கிவிட்டாள். நான் அவளுக்கு என்ன விடை சொல்வது?”

கடிதத்தோடு மகளின் கொப்பியிலிருந்து இரண்டு கணக்குகளையும் அந்த அம்மையார் படியெடுத்து அனுப்பியிருக்கின்றார். அவை இரண்டும் நம் நாட்டுப் பிள்ளைகள் ஆண்டுதோறும் செய்யும் பிழைகளே. எனவே அவருக்கு எழுதும் விடை பல வீடுகளுக்கும் பயன்படும் என்று எண்ணி, சென்ற வாரம் வாக்களித்த விடயத்தைப் பின்னர் எழுதலாம் என ஒதுக்கி வைத்துவிட்டு, இவ்வாரத்தை அந்த மகளுக்கே உரியதாக்குகின்றேன்.

பாடநூலில் எக்ஸ் என வரும் எழுத்துக்குப் பதிலாக ஈண்டு ‘ய’ என்னும் நம் எழுத்தை ஆள்வோம். அதற்கு ஒரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

மகள் எழுதிய முதலாவது கணக்கு இது:

3ய + 2 = 5ய

இரண்டாவது கணக்கு இது:

(7ய + 5) − (3ய − 2) = 4ய + 3

இரண்டும் பிழை. ஆனால் இவை அறிவில்லாதவர் செய்யும் பிழைகள் அல்ல. எழுத்து எதனைக் குறிக்கின்றது என்பதை எவரும் எடுத்துச் சொல்லாதபோது அறிவுள்ள பிள்ளையும் செய்யக்கூடிய பிழைகளே.

பூட்டிய பெட்டி

அம்மையே, உங்கள் கடைக்கே வருவோம். கடைத் தட்டில் மெழுகுதிரிப் பெட்டிகள் மூன்று இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவை இன்னும் உடைக்கப்படாதவை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே தொகையான மெழுகுதிரிகள் உள்ளன. ஆனால் அத்தொகை எத்தனை என்று உங்களுக்குத் தெரியாது. பெட்டிகளுக்குப் பக்கத்திலே இரண்டு மெழுகுதிரிகள் தனியாகக் கிடக்கின்றன. மொத்தம் எத்தனை மெழுகுதிரிகள்?

“மூன்று பெட்டியும் இரண்டு தனித்திரியும்” என்று நீங்கள் சொல்வீர்கள். “ஐந்து பெட்டி” என்று ஒருபோதும் சொல்லமாட்டீர்கள். அப்படிச் சொல்லி விற்றால் கடை ஒரு வாரமும் நிலைக்காது. நீங்கள் வாயாற் சொன்னதையே அட்சரகணிதம் 3ய + 2 என்று எழுதுகின்றது. அதற்கு மேலே சுருக்க இடமில்லை. அதுவே விடை. விடை என்றால் ஒரே துண்டாக இருத்தல் வேண்டும் என்று பிள்ளைகள் எண்ணுகின்றார்கள். நடுவிலே ஒரு சகக் குறி நிற்பதைக் கண்டால், கணக்கு இன்னும் முடியவில்லை என்று கருதி அவசரப்பட்டு ஒட்டிவிடுகின்றார்கள். முதலாவது பிழை பிறக்குமிடம் இதுதான்.

மாலையிலே இன்னும் நான்கு பெட்டியும் ஐந்து தனித்திரியும் வந்து சேர்கின்றன. இப்பொழுது எத்தனை? பெட்டியைப் பெட்டியோடும் தனித்திரியைத் தனித்திரியோடும் சேர்ப்பீர்கள். ஏழு பெட்டி, ஏழு தனித்திரி.

(3ய + 2) + (4ய + 5) = 7ய + 7

நீங்கள் ஒரு பெட்டியையேனும் உடைத்துப் பார்க்கவில்லை. உள்ளே எத்தனை என்பதை அறியாமலே கணக்கை முடித்துவிட்டீர்கள். அட்சரகணிதத்தின் அருமை இதிலேயே இருக்கின்றது. தெரியாத ஒன்றை, தெரியும்வரை காத்திராமல், தெரிந்ததுபோல் வைத்துக் கணக்கிடலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ‘ய’ என்பது பெட்டி அன்று. பெட்டிக்குள் இருக்கும் மெழுகுதிரிகளின் தொகை. அஃது ஓர் எண். பொருளின் பெயர் அன்று. “மூன்று மாம்பழமும் இரண்டு வாழைப்பழமும் சேராது” என்று சொல்லிச் சிலர் இப்பாடத்தைத் தொடங்குவதுண்டு. கேட்பதற்கு அஃது எளிது. ஆயின் எழுத்து பழத்தின் பெயர் என்ற எண்ணம் பிள்ளையின் மனத்திலே பதிந்துவிட்டால், ‘ய’வை ‘ய’வால் பெருக்கும்போது மாம்பழத்தை மாம்பழத்தால் எப்படிப் பெருக்குவது என்று அப்பிள்ளை திகைக்கும். எழுத்து எண்ணுக்குப் பதிலாக நிற்பது என்பதை முதல் நாளே சொல்லிவிடுதல் நன்று.

எண் என்பதனாலேயே விடையைச் சோதித்துப் பார்க்கவும் முடிகின்றது. பெட்டியிலே 10 திரிகள் இருந்தால் 3ய + 2 என்பது 32 ஆகும். 5ய என்பதோ 50 ஆகும். இரண்டும் ஒன்றல்ல, ஆகவே மகளின் விடை பிழை. இதனைச் சொல்வதற்குச் சிவப்பு மை வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ‘ய’வுக்கு 1 என்னும் பெறுமானத்தை இட்டால் 3ய + 2 உம் 5, 5ய உம் 5. பிழையான விடையும் அங்கே சரிபோலத் தோன்றும். ஆதலின் சோதிக்கும்போது 0, 1 என்பவற்றோடு நில்லாமல் 2, 3, 10 போன்ற எண்களையும் இட்டுப் பாருங்கள். ஓரிடத்திலேனும் பொருந்தாவிட்டால் விடை பிழை என்பது நிச்சயம். ஓரிடத்திற் பொருந்துவதனால் மட்டும் சரி என்பது நிச்சயமாகாது.

இரண்டாம் வகுப்பிற் கற்றதே

ஒரே எழுத்தும் அவ்வெழுத்தின் ஒரே அடுக்கும் உடைய உறுப்புக்களை நிகர்த்த உறுப்புக்கள் என்பர். 3ய, 4ய என்பன நிகர்த்தவை. 3ய, 4ய² என்பன நிகராதவை. பல உறுப்புக்கள் சகக் குறியாலும் சயக் குறியாலும் தொடுக்கப்பட்டு, ஒவ்வோர் உறுப்பிலும் எழுத்தின் அடுக்கு ய, ய², ய³ என முழுவெண்ணாக வரின், அத்தொடரைப் பல்லுறுப்பி என்பர். எழுத்தின் முன்னே நிற்கும் எண் குணகம் எனப்படும். இத்தனை பெயர்களையும் ஒரே நாளில் கேட்ட பிள்ளை அஞ்சுவதில் வியப்பில்லை. ஆனால் அப்பிள்ளை பல்லுறுப்பிகளை இரண்டாம் வகுப்பிலிருந்தே கூட்டி வந்திருக்கின்றது. அதனை அதற்கு எவரும் சொல்லவில்லை!

352 என்னும் எண்ணை எடுங்கள். அதன் பொருள் யாது? மூன்று நூறு, ஐந்து பத்து, இரண்டு ஒன்று. நூறு என்பது பத்தின் வர்க்கம். எனவே 352 என்பது 3 × 10² + 5 × 10 + 2 ஆகும். பத்து இருக்கும் இடத்திலே ‘ய’வை வைத்தால் 3ய² + 5ய + 2 என்னும் பல்லுறுப்பி கிடைக்கின்றது. இடப்பெறுமானம் என்று நாம் சொல்வது, எழுத்துக்குப் பதிலாகப் பத்தை வைத்து எழுதிய பல்லுறுப்பியே.

352 உடன் 426 ஐக் கூட்டுங்கள். ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து, நூறின் கீழ் நூறு என எழுதிக் கூட்டினால் 778 வரும். இதனையே எழுத்தோடு எழுதினால்:

(3ய² + 5ய + 2) + (4ய² + 2ய + 6) = 7ய² + 7ய + 8

பத்தின் இடத்து ஐந்தை நூறின் இடத்து நான்கோடு கூட்டும் பிள்ளை இல்லை. அவ்வாறே 5ய உடன் 4ய² ஐச் சேர்த்து ஒன்றாக்குதலும் இயலாது. புதிய விதி எதுவும் இங்கே இல்லை.

வேறுபாடு ஒன்றே ஒன்று. 352 உடன் 479 ஐக் கூட்டினால் ஒன்றுகளின் இடத்தில் 11 வரும். ஒன்றை வைத்து ஒன்றைக் கொண்டு செல்வோம். அட்சரகணிதத்தில் கொண்டு செல்லுதல் இல்லை. எத்தனை ஒன்று சேர்ந்தால் ஒரு ‘ய’ ஆகும் என்பது நமக்குத் தெரியாதல்லவா? எனவே 7ய² + 12ய + 11 என்று அப்படியே விட்டுவிடுகின்றோம். ‘ய’ பத்து என்று இடுங்கள்: 700 + 120 + 11 = 831. சாதாரணக் கூட்டலிலும் அதுவே விடை. ஆகவே அட்சரகணிதக் கூட்டல் எண் கூட்டலைக் காட்டிலும் கடினமானதன்று. ஒரு படி குறைந்தது!

305 என்னும் எண்ணில் பத்தின் இடம் வெறுமையாக இருப்பதால் அங்கே ஒரு பூச்சியம் இடுகின்றோம். பல்லுறுப்பியிலும் அதையே செய்தல் நன்று. 5ய³ − 2ய + 4 என்பதிலே ய² இல்லை. மற்றொன்றோடு கூட்டவோ கழிக்கவோ கீழ்க்கீழாக எழுதும்போது 5ய³ + 0ய² − 2ய + 4 என்று எழுதிக்கொண்டால் உறுப்புக்கள் இடம் மாறிப் போய்விடா.

அடைப்பின் முன்னே நிற்கும் சயக் குறி

இனி இரண்டாவது கணக்கு. உண்மையான இடர் இதிலேதான் இருக்கின்றது.

ஈண்டு என் குறை ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், “அடைப்பின் முன்னே சயக் குறி வந்தால் உள்ளே உள்ள குறிகள் எல்லாம் மாறும்” என்று கரும்பலகையில் எழுதி, அதனைப் பத்து முறை சொல்ல வைத்து, பாடம் முடிந்தது என்று எண்ணினேன். பின் வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஏன் சேர் மாறுகின்றது?” என்று கேட்டான். “அது விதி, கேள்வி கேளாமல் எழுது” என்றேன். அவன் எழுதினான். அதன் பின்னர் அவ்வகுப்பிலே அவன் எதனையும் கேட்டதில்லை. வகுப்பு அமைதியாக இருக்கின்றது என்று நான் மகிழ்ந்துகொண்டேன். பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, அந்த அமைதிக்கு நான் கொடுத்த விலை யாது என்பது எனக்கு விளங்கிற்று. அவனுக்கு அன்று சொல்லாத விடையை இன்று இந்த மகளுக்குச் சொல்கின்றேன்.

கடையிலே ஏழு பெட்டியும் ஐந்து தனித்திரியும் இருக்கின்றன: 7ய + 5. கோயிற் திருவிழாவுக்கு மூன்று பெட்டி அனுப்பும்படி கேட்கின்றார்கள். ஆனால் அவர்களுக்கு மூன்று முழுப் பெட்டி வேண்டாம். அதிலே இரண்டு திரி குறைவாக இருந்தாற் போதும். அவர்கள் கேட்டது 3ய − 2. எனவே கடையிலே எஞ்சுவது (7ய + 5) − (3ய − 2).

நீங்கள் என்ன செய்வீர்கள்? மூன்று பெட்டியைத் தட்டிலிருந்து இறக்குவீர்கள். தட்டிலே நான்கு பெட்டியும் ஐந்து தனித்திரியும் இருக்கும். இறக்கிய பெட்டிகளுள் ஒன்றை உடைத்து இரண்டு திரிகளை எடுத்து, மீண்டும் தட்டிலே வைப்பீர்கள். ஐந்து தனித்திரி ஏழாகிவிடும். எஞ்சியது நான்கு பெட்டியும் ஏழு திரியும்.

(7ய + 5) − (3ய − 2) = 7ய + 5 − 3ய + 2 = 4ய + 7

உள்ளே சயமாக இருந்த 2 வெளியே வரும்போது சகமாக மாறியது மந்திரத்தால் அன்று. கொடுக்க வேண்டியதில் இரண்டு குறைந்தால், நம்மிடம் இரண்டு மிஞ்சும். அவ்வளவே.

‘ய’ பத்து என்று சோதியுங்கள். கடையில் இருந்தவை 75. கொடுத்தவை 28. எஞ்சியவை 47. நமது விடை 4 × 10 + 7 = 47. மகளின் விடை 43. நான்கு திரிகள் காணாமற் போய்விட்டன! அவள் மூன்று பெட்டியைக் கழித்தது சரி. ஆனால் கடைக்குத் திரும்பி வரவேண்டிய இரண்டு திரிகளையும் கொடுத்துவிட்டாள். வரவேண்டிய இரண்டைக் கொடுத்தால் நட்டம் நான்கு. இதனை உங்களைக் காட்டிலும் நன்றாக அறிந்தவர் யார்?

அடைப்பு என்பது ஒரு பொதி. பொதியை அனுப்பும்போது உள்ளே இருப்பன எல்லாம் போகும். முதலிலே கண்ணிற் பட்டது மட்டும் போகாது. ஆகவே சயக் குறி அடைப்புக்குள் உள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் உரியது. சகமாய் இருப்பதை எடுத்தால் குறையும். சயமாய் இருப்பதை எடுத்தால் கூடும். கடைக்காரரின் மொழியிலே சொன்னால், கையிலுள்ள காசை ஒருவர் எடுத்தால் நாம் வறியராவோம். நமது கடனை ஒருவர் எடுத்துக்கொண்டால் செல்வராவோம்.

இப்பொழுது சற்று நீண்ட கணக்கு ஒன்றைப் பார்ப்போம்.

(5ய³ − 2ய + 4) − (2ய³ + 3ய² − 6ய − 1)

முதற்படி: அடைப்பை அவிழ்த்தல். ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுச் செல்க.

5ய³ − 2ய + 4 − 2ய³ − 3ய² + 6ய + 1

இரண்டாம் படி: இனத்தை இனத்தோடு சேர்த்தல். 5ய³ இலிருந்து 2ய³ போக 3ய³. ய² இலே கழிப்பதற்கு முன்பு ஒன்றுமில்லை, எனவே −3ய². −2ய உடன் 6ய சேர 4ய. 4 உடன் 1 சேர 5.

விடை: 3ய³ − 3ய² + 4ய + 5

மூன்றாம் படி: சோதனை. ‘ய’வுக்கு 2 ஐ இடுக. முதலாவது பல்லுறுப்பி 40 − 4 + 4 = 40. இரண்டாவது 16 + 12 − 12 − 1 = 15. வித்தியாசம் 25. விடையிலே இடுக: 24 − 12 + 8 + 5 = 25. பொருந்துகின்றது.

மேல் வகுப்பு மாணவர்க்கு ஒரு குறிப்பு. அடுக்கு ஒன்றுக்கு மேற்படாத இரண்டு பல்லுறுப்பிகள் வெவ்வேறான இரண்டு பெறுமானங்களிற் பொருந்தினால் அவை முற்றிலும் ஒன்றே. அடுக்கு இரண்டாயின் மூன்று பெறுமானங்கள் வேண்டும். மூன்றாயின் நான்கு வேண்டும். எனவே மேற்கண்ட விடையை ஐயமறத் தெளிய விரும்புவோர் நான்கு வெவ்வேறு எண்களை இட்டுப் பார்க்கலாம்.

கடையிலே பிறந்த குறிகள்

கடைக் கணக்கை உவமையாகக் கொண்டது பிள்ளைகளை மகிழ்விப்பதற்காக மட்டும் அன்று. வரலாறும் அவ்வாறே இருக்கின்றது.

கி.பி. 628 இல் பிரமகுப்தர் இயற்றிய பிராமஸ்புட சித்தாந்தம் என்னும் வடமொழி நூலிலே நேர் எண்ணுக்குத் தனம் என்றும் மறை எண்ணுக்கு இருணம் என்றும் பெயர். தனம் என்றாற் செல்வம். இருணம் என்றாற் கடன். பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தாற் செல்வம் வரும் என்று அவர் விதி வகுத்தார். நமது கடையிலே தட்டுக்குத் திரும்பி வந்த இரண்டு திரிகளுக்கும் அதுவே விதி.

1150 அளவில் இரண்டாம் பாஸ்கரர் பீஜகணிதம் என்னும் நூலை இயற்றினார். அவர் தெரியாக் கணியத்தை ‘யாவத் தாவத்’ என்றார். “எவ்வளவோ அவ்வளவு” என்பது அதன் பொருள். எழுதும்போது அதனை ‘யா’ என்று முதலெழுத்தாற் சுருக்கினார். தெரியாக் கணியங்கள் பலவாயின் கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என நிறங்களின் பெயர்களை இட்டு அவற்றின் முதலெழுத்துக்களை ஆண்டார். மறை எண்ணின் தலைமேலே ஒரு புள்ளி இட்டார். ஓரினமானவற்றைக் கூட்டுக, வேற்றினமானவற்றை வேறாக வைக்க என்பது அவரது நூலிலும் உள்ள விதியே. நாம் இன்று ‘ய’வை எடுத்துக்கொண்டதன் காரணம் இப்பொழுது விளங்கியிருக்கும். ஐரோப்பாவிலே எக்ஸ், வை, இசெட் என்னும் கடைசி எழுத்துக்களைத் தெரியாக் கணியங்களுக்கு வைத்தவர் பிரெஞ்சுப் பேரறிஞர் தேக்கார்ட், ஆண்டு 1637.

ஒன்பதாம் நூற்றாண்டிலே பாக்தாத்து நகரில் வாழ்ந்த அல்குவாரிசுமி என்பார் எழுதிய நூலின் பெயரிலுள்ள ‘அல்ஜபர்’ என்னும் அரபுச் சொல்லே அல்ஜிப்ரா ஆயிற்று. அவர் குறிகள் எதனையும் ஆளாமல் எல்லாவற்றையும் சொற்களாலேயே எழுதினார்.

நாம் இடும் + , − என்னும் குறிகளோ, அச்சிலே முதன்முதல் 1489 இல் செருமானிய நாட்டு லைப்சிக் நகரில் வெளிவந்த ஒரு நூலிற் காணப்படுகின்றன. எழுதியவர் யொகானஸ் விட்மன். அது பேரறிஞர்க்கென எழுதிய நூலன்று. வணிகர்க்கென எழுதிய கணக்கு நூல். அத்திப்பழப் பீப்பாய்களின் நிறை, குறித்த அளவிலும் இவ்வளவு கூடியது, இவ்வளவு குறைந்தது என்பதைக் காட்டுதற்கு அவர் அக்குறிகளை ஆண்டார். “மூன்று பெட்டி, இரண்டு திரி குறைய” என்று நாம் எழுதினோமே, அதே வகையான கணக்கு! அம்மையே, நீங்கள் ஊமையாகி நின்றதாக எழுதியிருக்கின்றீர்கள். அந்தக் குறிகள் உங்களைப் போன்ற வணிகர்களின் கணக்கிலே பேசப் பழகியவை.

நமது யாழ்ப்பாணத்துக்கும் இவ்வரலாற்றிலே பங்குண்டு. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியிலே கணிதம் சிறப்புறக் கற்பிக்கப்பட்டது. அங்கே கற்றுப் பின்னர் ஆசிரியராகவும் விளங்கிய கறல் விசுவநாதபிள்ளை அவர்கள் வீசகணிதம் என்னும் தமிழ் நூலை எழுதினார். 1855 இல் அது வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் அவர் ஒருவர், மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். இக்கணிதத்தைத் தமிழிலே சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே நம்மவர் விடை எழுதிவிட்டனர். அன்று வீசகணிதம் என்றனர். இன்று ஈழத்திலே அட்சரகணிதம் என்கின்றோம். தமிழ்நாட்டிலே இயற்கணிதம் என்கின்றனர். பெயர் மூன்றாயினும் பொருள் ஒன்றே.

வீட்டிலே ஒரு விளையாட்டு

இன்று மதிய உணவின் பின் குடும்பத்தோடு இதனைச் செய்து பாருங்கள். இரண்டு இலக்கமுள்ள ஓர் எண்ணை நினைக்கச் சொல்லுங்கள். அவ்விலக்கங்களை இடம் மாற்றி எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கச் சொல்லுங்கள். 73 என்று நினைத்தவர் 37 ஐக் கழித்து 36 ஐப் பெறுவார். நினைத்த எண் எதுவாயினும் விடை ஒன்பதால் மீதியின்றி வகுபடும்.

ஏன்? பத்தின் இடத்து இலக்கம் க, ஒன்றின் இடத்து இலக்கம் ச என்க. எண் 10க + ச. இடம் மாறிய எண் 10ச + க.

(10க + ச) − (10ச + க) = 10க + ச − 10ச − க = 9க − 9ச

அஃதாவது இரண்டு இலக்கங்களின் வித்தியாசத்தினுடைய ஒன்பது மடங்கு. ஏழுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் நான்கு. ஒன்பது நான்கு முப்பத்தாறு. எல்லா இரண்டிலக்க எண்களுக்கும் ஒரே வரியிலே நிறுவிவிட்டோம். “எழுத்தை எப்படி அம்மா கூட்டுவது?” என்று கேட்ட மகளுக்கு, எழுத்தை ஏன் கூட்டுகின்றோம் என்பதற்கும் விடை இதுவே.

பெற்றோருக்கு ஒரு சொல்

பிள்ளை பிழை விட்டால், “கவனமில்லை” என்று கடிந்துகொள்ளல் எளிது. “இஃது எந்த இனம்? அஃது எந்த இனம்?” என்று கேட்டுப் பாருங்கள். “எனக்கும் அந்தக் காலத்திலே கணக்கு வராது” என்று சொல்லி ஆறுதல் கூறுவோரும் உளர். அன்பினாற் சொல்வதே ஆயினும், அது பிள்ளை தன் முயற்சியைக் கைவிடுதற்கு நாம் எழுதிக் கொடுக்கும் அனுமதிச் சீட்டாகிவிடும். உங்களுக்குத் தெரியாதாயின், “எனக்கும் தெரியாது, இருவரும் சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லுங்கள்.

வடமராட்சி அம்மையாரே, இன்று மாலை கடையைச் சாத்திய பின் மகளை அருகிலே அழையுங்கள். பெட்டியையும் தனித்திரியையும் மேசைமேல் வையுங்கள். இக்கணக்குகளை அவளே உங்களுக்குச் சொல்லித் தரட்டும். நீங்கள் கடைக்காரராகவே இருந்து, “அந்த இரண்டு திரியும் எங்கே?” என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் ஊமையல்லர் என்பதை அவளும் காண்பாள்.

மாணவர்க்கு இவ்வாரப் பயிற்சி:

1. (4ய² + 3ய − 7) + (2ய² − 5ய + 10)

2. (6ய + 1) − (2ய − 8)

3. (3ய³ − ய + 5) − (ய³ − 4ய² + 2ய − 6)

4. மூன்று இலக்க எண் ஒன்றைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் விடை 99 ஆல் வகுபடும். ஏன் என்று நிறுவுக. நடு இலக்கத்துக்கு என்ன நேர்கின்றது என்பதையும் எழுதுக.

விடைகளை அடுத்த வாரம் வெளியிடுவேன். முதல் மூன்று கணக்குகளுக்கும் அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வினாவிலே ஓர் எண்ணை இடுங்கள். அதே எண்ணை விடையிலும் இடுங்கள். இரண்டும் ஒவ்வாவிட்டால் அடைப்பை மீண்டும் அவிழ்த்துப் பாருங்கள். உங்கள் கணக்கைத் திருத்துதற்குரிய முதலாவது ஆசிரியர் உங்கள் கையிலேயே இருக்கின்றார்.